டன்மூரின் இருபத்து நான்கு நோட்டுகள்

பழைய நோட்டு வாங்கி விற்கிற எங்களுக்கு ஜென்ம விரோதிகள் இரண்டு. ஒன்று ஒட்டும் டேப், இன்னொன்று இஸ்திரிப் பெட்டி. எழுபது எண்பது வருஷம் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்த நோட்டை எடுத்து, சுருக்கமாக இருக்கிறதே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். எண்ணூறு டாலர் பெற வேண்டியது இருநூறுக்கு இறங்கியிருக்கும். அதைச் சொன்னால் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நெப்ராஸ்கா முழுக்க முப்பத்தோரு வருஷமாக இந்தப் பார்வையை வாங்கி வாங்கி எனக்குச் சலித்துவிட்டது.

அதனால்தான், இரண்டாயிரத்து நான்காம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய நாணயச் சந்தையில் ஒரு கிழவர் என் மேசைக்கு முன்னால் வந்து மேல்கோட்டின் உள்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தபோது, நான் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இஸ்திரி போட்டீங்களா?" என்றேன்.

"என்னது?"

"நோட்டுக்கு. இஸ்திரி, சோப்புத் தண்ணி, அழிரப்பர்னு ஏதாவது?"

"எனக்குச் சட்டைக்கே இஸ்திரி போடத் தெரியாதும்மா," என்றார் அவர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எண்பதுக்கு மேல் வயது. தீவனக் கம்பெனித் தொப்பி, சுத்தமாகச் சவரம் செய்த முகம், தாடையில் ஒரு சின்ன வெட்டு. லீலண்ட் க்ரோய்ட்ஸ் என்று பேர் சொன்னார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், ஆனால் உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சி இர்மாவும் வந்திருக்கா. லேடீஸ் பாத்ரூம் வரிசையில நிக்குறா. தான் வர்ற வரைக்கும் இதைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. சின்னவதான், ஆனா அதிகாரம் எல்லாம் அவளோடது."

அந்தக் கட்டடத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. தேவாலயத்துப் பெண்கள் ஒரு மூலையில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் சின்னமன் ரோலும் விற்கிற நாளில் வரிசை வாசல் வரைக்கும் நீளும். காத்திருந்திருக்கலாம். எனக்கு அந்த உறைக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். வேறு காரணம் கிடையாது.

"ஒரு பார்வை பார்த்தா என்ன தேஞ்சா போயிடும்? விலையை அவங்க வந்தப்புறம் பேசிக்கலாம்," என்றேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உறையைக் கவிழ்த்தார்.

இருபது டாலர் நோட்டுகள், ஒரே கட்டாக. பழுப்பு முத்திரை. இடது பக்கத்தில் கறுப்பு எழுத்தில் டன்மூர் ஃபார்மர்ஸ் நேஷனல் பேங்க், நெப்ராஸ்கா. கீழே பேங்க் தலைவர் கார்வரின் கையெழுத்து. கையுறை மாட்டிக்கொண்டு எண்ணினேன். இருபத்து நான்கு. ஒரே ஒரு தடவை மடித்தது தவிர வேறு குறை இல்லை. இஸ்திரி இல்லை, டேப் இல்லை.

அந்தக் காலத்தில் சின்னச் சின்ன ஊர் பேங்க்கூடத் தன் ஊர்ப் பேரைப் போட்டு நோட்டு வெளியிட்டது. இன்று அந்த நோட்டின் விலையை அதில் அச்சடித்த தொகை தீர்மானிப்பதில்லை. அந்த ஊர் நோட்டு உலகத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். டன்மூர் நோட்டு அதில் மொத்தமே நான்கு. நான்கில் ஒன்றை நானே ஒமாஹா பல் டாக்டர் ஒருவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலருக்கு விற்றிருந்தேன். இந்த இருபத்து நான்கும் வெளியே வந்தால் அந்த மனிதர் வயிற்றில் அடித்துக்கொள்வார்.

"இதெல்லாம் எங்க கிடைச்சது உங்களுக்கு?"

"அப்பாவோடது. பேக்கிங் பவுடர் டப்பாவுல போட்டு வச்சிருந்தாரு. செல்லாத நோட்டு. முப்பத்தொண்ணுல அந்த பேங்க் செத்துப்போச்சே, அதோட இதுவும் செத்துப்போச்சு. இப்ப செல்லாத நோட்டுக்கும் ஏதோ காசு தர்றாங்கன்னு டிவியில சொன்னாங்க. கிடைக்கிறதை இர்மாவுக்குக் கொடுக்கலாம்னு. அப்பா சொத்துல அவளுக்குன்னு ஒரு சல்லிக்காசு போனதில்ல."

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற ஒரு வசனம் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் அதைச் சொல்லி வாய் பிளக்க வைப்போம். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆயிரத்தோராவது தடவையும் யோசிக்காமல் சொன்னேன்.

"செல்லாத நோட்டா? யார் சொன்னது? ஐயா, இது ஒரு நாள்கூடச் செல்லாம இருந்ததில்ல. இப்பவே கொண்டுபோய் அந்த சில்லி விக்கிற அம்மாகிட்ட நீட்டுங்க, சாப்பாட்டையும் கொடுத்து மிச்சத்துக்குச் சில்லறையும் தருவாங்க!"

வழக்கமாக இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பேங்க் மூடிட்டாங்களே?"

"மூடினா என்ன? டெபாசிட் போட்டவங்க பணம் போச்சு, அது வாஸ்தவம். ஆனா நோட்டா கையில வச்சிருந்தவங்களுக்கு ஒரு சென்ட் நஷ்டம் கிடையாது. ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடா பேங்க்காரன் முன்னாடியே வாஷிங்டன்ல சர்க்கார்கிட்ட பத்திரம் கட்டி வச்சிருக்கணும். அவன் ஓடிப்போனாலும் சர்க்கார் கொடுக்கும். பக்கத்து ஊர் பேங்க்ல நீட்டியிருந்தா அப்பவே முழுசா எண்ணிக் கொடுத்திருப்பான். இங்க பாருங்க, நோட்டுலயே போட்டிருக்கு."

உருப்பெருக்கிக் கண்ணாடியை நோட்டின் மேல் ஓரத்தில் வைத்து அவர் பக்கம் திருப்பினேன். அமெரிக்க அரசின் கருவூலத்தில் வைக்கப்பட்ட பத்திரங்களால் உறுதி செய்யப்பட்டது என்று பொடி எழுத்தில் அங்கே ஒரு வரி உண்டு. அவர் குனிந்து, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இந்த வரியை நான் வாசிக்கல," என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் அப்பா ஆகஸ்ட் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஜெர்மன் வாசிப்பார், ஆங்கிலம் பேசுவார், ஆங்கில எழுத்து தெரியாது. அம்மா, பேங்க் மூடுவதற்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். முப்பத்தொன்றாம் வருஷம் அக்டோபரில் அப்பா நாற்பத்தெட்டுப் பன்றிகளை விற்று, சனிக்கிழமை டன்மூர் பேங்க்கில் முழுவதையும் நோட்டாக வாங்கி வந்தார். நிலம் கிழக்கே ஏதோ ஒரு கம்பெனியிடம் அடமானத்தில் இருந்தது. அதற்கு வட்டி கட்டத்தான். திங்கட்கிழமை பேங்க் கதவில் பூட்டு. கார்வர் ஊரைவிட்டே ஓடிவிட்டான்.

"அப்பா முதல்ல சிரிச்சாரு. நல்லவேளை, எல்லாம் நம்ம கையில இருக்குன்னு. அதுல ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு மாவு வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தன் சேமிப்பு மொத்தத்தையும் அந்த பேங்க்ல விட்டவரு. நோட்டைப் பார்த்தாரு. 'கார்வர் கையெழுத்துப் போட்ட காகிதமா? கொண்டுபோய் கக்கூஸ்ல மாட்டு ஆகஸ்ட், அதுக்காவது உதவும்'னாரு. கடையே சிரிச்சுது. அப்பா உடனே என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு."

அது வயிற்றெரிச்சலில் சொன்ன கிண்டல். அந்தக் கடைக்காரர் நோட்டைக் கையில் வாங்கி, கல்லாவில் போட்டு, மாவைக் கொடுத்திருப்பார். ஆகஸ்ட் இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றிருந்தால் போதும். ஆனால் அவருக்குப் பணம் சாவது புது விஷயம் இல்லை. அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தம்பி ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கடிதத்தோடு நூறு கோடி மார்க் நோட்டு ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். இதைக் கொடுத்தால் ஒரு ரொட்டி வராது, பையனுக்கு விளையாடக் கொடு என்று எழுதியிருந்தார். லீலண்ட் அதை வைத்து விளையாடியும் இருக்கிறார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா நோட்டை என் முன்னால வச்சு, இதுல என்னடா எழுதியிருக்கு, வாசின்னாரு. பத்து வயசு எனக்கு. வீட்டுல இங்கிலீஷ் வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான், அதுல எனக்குப் பெருமை வேற. பெரிய எழுத்தை வாசிச்சேன். 'டன்மூர் ஃபார்மர்ஸ் நேஷனல் பேங்க், கேட்டவுடன் இருபது டாலர் தரும்.' யாரு தருவாங்கன்னாரு. டன்மூர் பேங்க்னு சொன்னேன். அது எங்க இருக்குன்னாரு. மூடிட்டாங்கப்பான்னேன். சரி, அவ்வளவுதான்னு எழுந்துட்டாரு."

விரலை நோட்டின் மேல் ஓரத்தில், தொடாமல், ஓட்டினார்.

"இது பொடி எழுத்து. கஷ்டமான வார்த்தைங்க. தப்பா வாசிச்சா அப்பா சிரிப்பாரேன்னு விட்டுட்டேன்."

"வட்டி எவ்வளவு கட்ட வேண்டியிருந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"நானூத்து அறுபது."

மேசை மேல் நானூற்று எண்பது டாலர் இருந்தது.

வசந்தத்தில் நிலம் போனது. அப்பாவும் பையனும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற பண்ணைகளுக்குக் கூலிக்குப் போனார்கள். ஐந்து வயது இர்மாவைக் கூட வைத்துக்கொள்ள எந்தப் பண்ணையிலும் இடம் தரவில்லை. பாதிரியார், அவளை வளர்க்க, ஐடஹோ மாநிலத்தில் பிள்ளை இல்லாத ஒரு தம்பதியைப் பிடித்துக்கொடுத்தார்.

"டன்மூர் ஸ்டேஷன்ல இர்மா என் சட்டைப் பையைப் பிடிச்சுக்கிட்டு விடல. அந்த அம்மா இழுக்கிறாங்க, இவ விடல. கடைசியில பை கிழிஞ்சு அவ கையோட போயிடுச்சு. பதினேழு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி பார்த்தேன். அதுவும் ஒரு வாரம். புருஷன் போனப்புறம், இப்ப எட்டு வருஷமாத்தான் என்கூட இருக்கா."

அப்போது நீங்கள் சின்னப் பையன் என்றேன். பெரியவர்கள் யாராவது கேட்டிருக்கலாம் என்றேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. சட்டென்று முன்னால் குனிந்து என் கையுறைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வர்றா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அப்பாவுக்கு வேற வழி இல்லன்னு நினைச்சுத்தான் அவ அப்பாவை மன்னிச்சா. அப்ப செல்லாது, இப்பதான் மதிப்புன்னு சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒல்லியான ஒரு அம்மாள் மேசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. உதட்டுச் சாயம், இறுக்கமாகச் சுருட்டிய வெள்ளை முடி, யாரையும் சும்மா விடாத கண். தூரத்திலேயே மேசையில் பரப்பியிருந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டாள்.

"திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா அண்ணே?"

"சும்மா, ஒரு பார்வை இர்மா."

"உன் பார்வையைத்தான் எனக்குத் தெரியுமே. கண்ணாடி இல்லாம மெனு கார்டைக்கூட வாசிக்க மாட்டே." உட்கார்ந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. "என்ன சொன்னீங்க இவர்கிட்ட?"

"அந்தக் காலத்துல பேங்க் மூடினதும் இது செல்லாமப் போச்சு. இப்பதான், சேகரிக்கிறவங்க ஆசைப்பட்டு வாங்குறதால, ஒரு விலை வந்திருக்கு."

பக்கத்து மேசை ட்வேன் திரும்பிப் பார்த்தான். இருபது வருஷமாக என் பக்கத்தில் கடை போடுகிறவன், என்னைத் திருத்த வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டான். "ஏ டார்லா, என்ன உளர்றே? நேஷனல் பேங்க் நோட்டு எப்பவுமே..." என்று ஆரம்பித்தான். மேசைக்கடியில் அவன் பாதத்தை என் பூட்ஸால் ஒரே மிதி. "ஐயோ!" என்றான்.

"ட்வேனுக்குக் கால் வலி. எழுந்து நடந்துட்டு வரட்டும்," என்றேன். அவன் என்னை முறைத்துவிட்டு, எதையோ புரிந்துகொண்டு, காபி வாங்கப் போனான்.

விலைக்கு வந்தோம். இருபத்து நான்கு நோட்டு ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் ஒன்றுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிடைக்காது, விலை விழுந்துவிடும் என்று சொல்லி, நோட்டுக்கு நானூறு டாலர் தருவதாகச் சொன்னேன். ஒன்பதாயிரத்து அறுநூறு. நியாயமான விலைதான். எந்தச் சந்தையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் அன்று அந்தத் தொகையை வாயால் சொல்லவே எனக்குக் கூசியது.

"இர்மா பேர்ல செக் எழுதும்மா," என்றார் லீலண்ட்.

"எனக்கெதுக்கு? உன் வீட்டுக் கூரை ஒழுகுது."

"ஒழுகட்டும். அவ பேர்லயே எழுது."

எழுந்து நின்றார். தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டார். வண்டியை வாசலுக்குக் கொண்டுவருகிறேன், நீ மெதுவாக வா என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். முதலில் தப்பான கதவுக்குப் போய், திரும்பி, சரியான கதவுக்குப் போனார். இர்மா அவர் வெளியே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குப் பொய் சொல்லவே வரலையேடி பொண்ணே."

நான் செக்கில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது.

"பயப்படாதே. நன்றிதான் சொல்றேன். ஐடஹோவுல, பாய்சி ஊர்ல இருபத்தேழு வருஷம் பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்தவ நான். இந்தப் பழுப்பு முத்திரை நோட்டு என் கை வழியா எத்தனை போயிருக்கும்னு நினைக்கிறே? மூடிப்போன பேங்க்கோடதும் வரும். ஒரு கேள்வி கேக்காம வாங்கி, தனியா எடுத்து வச்சு, மேல அனுப்பிடுவோம்."

"அப்படின்னா உங்களுக்குத் தெரியுமா?"

"நாப்பத்தொன்பதுல, இருபத்திரண்டு வயசுல, இவங்களைத் தேடி வந்தேன். நல்லாத் திட்டணும்னுதான் வந்தேன். ஐடஹோவுல என்னை யாரும் அடிக்கல, பட்டினி போடல. ஆனா, என்னை ஏன் கொடுத்தாங்கன்னு கேக்காத நாள் இல்ல. அப்பா ஒரு பண்ணையில கூலியாள் ரூம்ல இருந்தாரு. அவர்கிட்ட நேராக் கேட்டேன். கட்டிலுக்கடியில இருந்து டப்பாவை எடுத்து, இந்த நோட்டை எல்லாம் ஒவ்வொண்ணா மெத்தை மேல பரப்பினாரு. 'இதான் காரணம், பாரு. எல்லாம் செத்த காசு'ன்னாரு."

இர்மா கைத்தடியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா கவுன்ட்டர்ல இருந்தவ நான். பார்த்ததும் தெரிஞ்சுது. வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்ப அவரு சொல்றாரு, 'நான் ஒண்ணும் அவசரப்படல, உன் அண்ணனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், அவன் அழகா ஒவ்வொரு வார்த்தையா வாசிச்சான், பத்து வயசுலயே கெட்டிக்காரன்'னு. அண்ணன் பக்கத்துலயே நிக்குறான். அப்பா பாராட்டினதுல முகமெல்லாம் சிரிப்பு. நான் என்ன பண்றது, சொல்லு? 'ஆமாப்பா, செத்த காசுதான், வேற வழியே இல்ல'ன்னுட்டேன். அப்பா அழுதாரு. ரெண்டு வருஷத்துல போயும் சேர்ந்துட்டாரு."

ஐம்பத்தைந்து வருஷம் அவள் இதை மறைத்து வைத்திருந்தாள். கூடவே ஒரே வீட்டில் எட்டு வருஷம். நான் அந்தப் பொடி எழுத்து வரிக்கு மேல் கண்ணாடியை வைத்துக் காட்ட எடுத்துக்கொண்டது ஐந்து நிமிஷம்.

"இன்னைக்கு இவன் கிளம்பினப்ப நானும் ஒட்டிக்கிட்டு வந்ததே இதுக்குத்தான். உங்களை மாதிரி ஆளுங்களைத் தெரியாதா? பழைய நோட்டைக் கண்டா வாய் நிக்காது. பக்கத்துல உக்காந்து, நீ ஆரம்பிச்சா உன் காலை மிதிக்கலாம்னு வந்தேன். இவ்வளவு பெரிய கட்டடத்துல பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ்! கட்டினவன் ஆம்பளையாத்தான் இருப்பான்."

சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன்.

"அண்ணன் வழக்கம்போல அப்பா கதையை முதல்ல சொல்லியிருப்பான். நீ கேட்டுட்டு, பாவம்னு வாயை மூடிக்கிட்டே. அப்படித்தானே? நான் வர்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட எதுவும் சொல்லிடலையே நீ?"

அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. இருபத்தேழு வருஷம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்துப் பழகிய கண். உண்மையைச் சொல்லி அவள் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் தப்பான கதவுக்குப் போனது நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்வதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தால் அன்று காலை போதுமான அளவு நாசம் ஆகியிருந்தது.

"இல்லம்மா. நான் ஒண்ணும் சொல்லல," என்றேன்.

என் கை மேல் தட்டினாள்.

"நல்ல பொண்ணு. அப்படியே இருக்கட்டும். அவன் தாங்க மாட்டான்."

செக்கை எழுதிக் கொடுத்தேன். தொகையைப் பார்க்காமலே மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வரும் வாரமே கூரைக்காரனைக் கூப்பிடப் போகிறேன், அண்ணனிடம் கேட்கப் போவதில்லை என்றாள். நோட்டுகளை நான் உறையில் போடும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிப்போனேன். வெளியே பனி உருகிச் சேறாக இருந்தது. லீலண்ட் இஞ்சினை அணைக்காமல் வண்டியை விட்டு இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து நின்றார். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும், கழுத்துப்பட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கேள்வி அவர் கண்ணில் வந்தது. சொல்லவில்லை என்று நான் தலையை மட்டும் லேசாக ஆட்டினேன். அவர் தோள் தளர்ந்தது. இர்மாவைத் தூக்காத குறையாக இருக்கையில் ஏற்றிவிட்டார்.

பெல்ட்டை அவளுக்கு மாட்டிவிட்டுக்கொண்டே, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "அந்த அம்மா சொன்னதைக் கேட்டியா இர்மா? அப்ப அது வெறும் காகிதம்தானாம். அப்பா பாவம், வேற என்ன செஞ்சிருக்க முடியும்?"

"ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது அண்ணே," என்றாள் இர்மா. "வழியே இல்லையே."

"அதான் நானும் சொல்றேன். வழியே இல்ல."

"நீ கதவைச் சாத்து. குளிருது."

அவர் சாத்தினார். நான் உள்ளே வராமல் அங்கேயே நின்று அழுதேன்.